நேற்று முளைத்த காக்கை: ‘அப்ஸ்டார்ட் க்ரோ’ தொடரைப் பார்க்கும் முறை

ஷேக்ஸ்பியரின் வாழ்க்கையைச் சிரிப்புத் தொடராக எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கல்லூரியில் அவருடைய இரண்டு நாடகங்களைப் பாடமாகப் படித்த தைரியத்தில், ‘அப்ஸ்டார்ட் க்ரோ’வின் முதல் அத்தியாயத்தை ஓரிரவு பார்க்க உட்கார்ந்தேன். படப்பிடிப்பு அரங்கிலிருந்த பார்வையாளர்கள் வயிறு குலுங்கச் சிரித்த இடங்களில் பாதிக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது அத்தியாயத்தின் நடுவிலேயே அணைத்துவிட்டேன். சில மாதங்கள் கழித்து, ஷேக்ஸ்பியரின் வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியபோதுதான், முன்பு தவறவிட்டவை எவ்வளவு என்பது புரிந்தது. இந்தத் தொடரை ரசிப்பதற்கு ஆங்கில இலக்கியப் பட்டம் தேவையில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில செய்திகளும், அவற்றை எந்த இடத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும் என்ற பழக்கமும் இருந்தால் போதும். அவற்றைச் சொல்வதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தொடரைப் பற்றிச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஷேக்ஸ்பியர் மறைந்து 400 ஆண்டுகள் நிறைவடைந்ததையொட்டி, பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் 2016 மே மாதம் இது தொடங்கியது. எழுதியவர் பென் எல்டன். ‘பிளாக்ஆடர்’ என்ற புகழ்பெற்ற வரலாற்று நகைச்சுவைத் தொடரின் பிற்பகுதிகளை ரிச்சர்ட் கர்டிஸுடன் சேர்ந்து எழுதியவரும் இவரே. ஷேக்ஸ்பியராக டேவிட் மிட்செல் நடித்திருக்கிறார். 2018 வரை ஆறு ஆறு அத்தியாயங்களாக மூன்று சீசன்கள் வந்தன. அவற்றோடு 2017, 2018, 2020 ஆண்டுகளின் கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சிகள் மூன்றும் சேரும். சீசன்களில் வரும் ஒவ்வோர் அத்தியாயமும் ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடும். லண்டனில் வாடகை அறை, நாடகக் கொட்டகை, சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் வீடு, எதிரியின் அலுவலகம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களுக்குள்ளேயே கதை பெரும்பாலும் சுற்றிவரும்.

பெயரிலிருந்து தொடங்குங்கள்

தொடரின் பெயரைப் புரிந்துகொள்ளாமல் முதல் காட்சிக்குள் நுழையாதீர்கள். ராபர்ட் கிரீன் என்றொரு எழுத்தாளர் இருந்தார். கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பட்டம் பெற்றவர் என்று தம் நூல்களின் முகப்பிலேயே போட்டுக்கொண்டவர். 1592 செப்டம்பரில் வறுமையில் இறந்துபோனார். அவர் இறந்த சில நாட்களில் அவர் பெயரில் வெளியான ஒரு சிறுநூலில், கல்விமான்களான சக நாடகாசிரியர்களை எச்சரிக்கும் பகுதி ஒன்று உண்டு. ‘நம்முடைய இறகுகளைச் செருகிக்கொண்டு அழகு காட்டும் நேற்று முளைத்த காக்கை ஒன்று கிளம்பியிருக்கிறது, நாட்டிலேயே தான் ஒருவன்தான் மேடையை அதிரவைப்பவன் என்ற நினைப்பு அதற்கு’ என்பது அதன் சாரம். மேடையை அதிரவைப்பவன் என்பதற்கு அவர் போட்ட சொல் ‘ஷேக்-சீன்’. யாரைச் சொல்கிறார் என்பதில் எவருக்கும் குழப்பம் வந்திருக்காது. பல்கலைக்கழக வாசலை மிதிக்காத ஒரு நடிகன், படித்தவர்கள் எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தவன், இப்போது தானே எழுதவும் துணிந்துவிட்டான் என்பதுதான் அவருடைய ஆத்திரம்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்குவது மிகவும் எளிது. கானமயிலாடக் கண்டிருந்த வான்கோழியைப் பற்றிப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். அந்தச் செய்யுள் முடியும் இடத்தை நினைத்துப் பாருங்கள்: கல்லாதான் கற்ற கவி. கிரீன் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். பறவை மட்டும்தான் வேறு. இங்கே வேடிக்கை என்னவென்றால், மயிலாகத் தம்மை எண்ணிக்கொண்ட கிரீனை இன்று உலகம் நினைவில் வைத்திருப்பதற்கு முதற்காரணம் அவர் திட்டிய அந்தக் காக்கைதான். தொடர் முழுவதும் ஓடும் வர்க்கப் பகை இந்த ஒரு பத்தியிலிருந்து முளைத்தது. தொடரில் வில் என்று அழைக்கப்படும் ஷேக்ஸ்பியரின் ஒவ்வொரு முயற்சியையும் ‘கேம்பிரிட்ஜில் படிக்காத நாட்டுப்புறத்தான்’ என்ற ஏளனம் துரத்திக்கொண்டே வரும். அந்த நாட்டுப்புறத்தானாக நடிக்கும் மிட்செல் உண்மையில் கேம்பிரிட்ஜில் படித்தவர், அங்குள்ள புகழ்பெற்ற மாணவர் நகைச்சுவை மன்றத்துக்குத் தலைவராகவும் இருந்தவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்த வசனங்களுக்கு இன்னொரு சுவை கூடிவிடும்.

பொய்களைக் குறித்துவையுங்கள்

இந்தத் தொடரை வரலாற்றுப் பாடமாக எடுத்துக்கொண்டு பார்ப்பவர் ஏமாந்துபோவார். வரலாறே இல்லை என்று ஒதுக்குபவருக்கும் பாதி நகைச்சுவை கிட்டாது. எல்டன் உண்மைகளை நன்றாகத் தெரிந்துகொண்டு, தமக்கு வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே திருப்பியிருக்கிறார். அந்தத் திருப்பம்தான் சிரிப்பு. எனவே ஒரு தாளில், எது நடந்தது, எதை மாற்றியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே பாருங்கள்.

மிகப் பெரிய பொய் கிரீன்தான். 1592இல் இறந்த மனிதர், மார்க் ஹீப் என்ற நடிகரின் உருவில், தொடர் முழுவதும் உயிரோடு உலவி வில்லுக்குக் குழிபறிக்கிறார். போதாக்குறைக்கு, நாடகங்களுக்கு அனுமதி வழங்கும் அரசவை அதிகாரியின் பதவியையும் அவருக்கே கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பதவியில் உண்மையில் இருந்தவர் எட்மண்ட் டில்னி. ஒரு கதைக்கு நிரந்தர வில்லன் தேவை என்றால் வரலாறு கொன்ற ஆளையும் எழுப்பத்தான் வேண்டியிருக்கிறது.

அக்காலத்தின் இன்னொரு நாடகாசிரியரான கிறிஸ்டோபர் மார்லோவின் கதை இன்னும் சுவாரசியமானது. கேம்பிரிட்ஜ் பட்டதாரி, அரசின் ஒற்றர் என்று கருதப்பட்டவர், 1593 மே 30 அன்று டெட்ஃபோர்டில் ஒரு வீட்டில் நடந்த சண்டையில் கத்தியால் குத்தப்பட்டு 29 வயதில் இறந்தவர். அவர் சாகவில்லை, ஒளிந்திருந்து ஷேக்ஸ்பியர் என்ற பெயரில் நாடகங்களை எழுதினார் என்று வாதிடும் ஒரு கூட்டம் இன்றும் இருக்கிறது. கையுறை தைப்பவரின் மகனான ஷேக்ஸ்பியருக்கு இவ்வளவு புலமை எங்கிருந்து வரும் என்ற சந்தேகம்தான் அதற்கும் அடிப்படை. எல்டன் இந்த வாதத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார். தொடரில் மார்லோவுக்கு எழுதவே வராது. பட்டாடையும் பகட்டுமாகத் திரியும் அவர் பெயரில் வரும் நாடகங்களை எழுதிக் கொடுப்பவர் வில். இந்தப் பின்னணி தெரியாவிட்டால், நண்பனிடம் ஏமாறும் ஓர் அப்பாவியின் கதையாக மட்டுமே அந்தக் காட்சிகள் தோன்றும்.

காலவரிசையைத் தேடிக் களைத்துப்போகாதீர்கள். கதை 1592இல் தொடங்குகிறது. ஆனால் அதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பிந்திய ‘ஒத்தெல்லோ’வும் ‘மேக்பெத்’தும் முதலிரண்டு சீசன்களுக்குள்ளேயே வில்லின் தலையில் உதித்துவிடுகின்றன. மூத்த மகள் சூசன்னா 1583இல் பிறந்தவள் என்பதால், 1592இல் அவளுக்கு 9 வயதுதான் இருந்திருக்கும். தொடரிலோ அவள் எதற்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பதின்ம வயதுப் பெண். தந்தை ஜான் ஷேக்ஸ்பியரை ஹாரி என்ஃபீல்ட் ஒரு கூச்சமற்ற தில்லுமுல்லுப் பேர்வழியாக நடித்திருக்கிறார். இது முழுப் பொய்யன்று. உண்மையான ஜான் 1568இல் ஸ்ட்ராட்ஃபோர்டின் நகரத் தலைவராகவே இருந்தவர், பின்னர் கடனில் விழுந்தவர், அனுமதியின்றிக் கம்பளி வாங்கி விற்றதாக வழக்குகளையும் சந்தித்தவர்.

நாடகத்தைப் படித்துவிட்டு அத்தியாயத்தைப் பாருங்கள்

தொடரின் இயந்திரம் எளிமையானது. வில்லின் வீட்டிலோ தெருவிலோ ஏதோ ஒரு குழப்பம் நடக்கும். பின்னாளில் அவர் எழுதப்போகும் ஒரு நாடகத்தின் கதையாகவே அந்தக் குழப்பம் விரிந்துகொண்டு போகும். பார்க்கும் நமக்கு அது தெரியும், வில்லுக்குத் தெரியாது. பக்கத்திலிருப்பவர்கள் ‘இதை ஒரு நாடகமாக எழுதலாமே’ என்று சொன்னாலும் அவர் மண்டையில் ஏறாது. ஆகவே, ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் உரிய நாடகத்தின் கதைச்சுருக்கத்தை முன்கூட்டியே ஒருமுறை படித்துவிடுவது இங்கே பயனுள்ள ஒரே தயாரிப்பு. முழு நாடகத்தையும் படிக்க வேண்டியதில்லை.

எந்த அத்தியாயத்துக்கு எந்த நாடகம் என்பதற்குத் தலைப்பே பல இடங்களில் சாவி. தலைப்புகள் பெரும்பாலும் ஷேக்ஸ்பியரின் வரிகளே. முதல் சீசனின் ஐந்தாவது அத்தியாயத்தின் தலைப்பு, ‘மேக்பெத்’தில் டங்கன் மன்னன் பேசும் முதல் வரி. ஆறாவதன் தலைப்பு, ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் போர்ஷியா கருணையைப் பற்றி ஆற்றும் உரையின் தொடக்கம். இரண்டாம் சீசனின் முதல் அத்தியாயத்துக்கு, பொறாமையைப் பச்சைக் கண் கொண்ட பூதம் என்று ‘ஒத்தெல்லோ’வில் இயாகோ சொன்ன தொடரையே சூட்டியிருக்கிறார்கள். மூன்றாம் சீசன் ‘நடுவேனிற்கால இரவுக் கனவு’ நாடகத்தின் வரியோடு தொடங்குகிறது. ஆனால் தலைப்பை மட்டும் நம்பிவிடாதீர்கள். முதல் சீசனின் மூன்றாவது அத்தியாயத்துக்கு ‘ஹாம்லெட்’டில் பொலோனியஸ் மகனுக்குச் சொல்லும் அறிவுரையிலிருந்து பெயர் வைத்திருப்பதால், அங்கே ஹாம்லெட்டின் கதை வரப்போகிறது என்று காத்திருக்க வேண்டாம்.

ஒரு காட்சியை அருகில் வைத்துப் பார்த்தால் முறை விளங்கும். முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தில், ‘ரோமியோ ஜூலியட்’டின் மாடிக் காட்சியைத் தம் மகளைவிட்டு வாசிக்கச் சொல்கிறார் வில். ஜூலியட்டின் வயதையொத்த பெண் வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பது? அவள் வாசிக்க வேண்டிய வரி, உலகில் பலரும் இன்றுவரை தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ‘வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ’. அந்த முதற்சொல்லைக் கேட்டால் ‘எங்கே’ என்பதுபோல் ஒலிக்கும். அதன் பொருளோ ‘எதற்காக’ என்பது. ‘ரோமியோ, நீ எங்கே இருக்கிறாய்?’ என்று ஜூலியட் தேடவில்லை. ‘உலகில் இத்தனை பெயர் இருக்க, என் குலத்துக்குப் பகையான குலத்தில் நீ ஏன் ரோமியோவாகப் பிறந்து தொலைத்தாய்?’ என்று நொந்துகொள்கிறாள். சூசன்னா ‘எங்கே’ என்றே எடுத்துக்கொள்கிறாள். ஏன் என்று கேட்க வேண்டுமானால் ஏன் என்றே எழுதித் தொலைக்க வேண்டியதுதானே என்ற அவளுடைய எரிச்சலுக்கு மகாகவியிடம் பதில் இல்லை. நானூறு ஆண்டுகளாக வகுப்பறைகளில் முனகிக்கொண்டிருந்த மாணவர்கள் அனைவரின் சார்பிலும் அந்தப் பெண் பேசுகிறாள். நான் முதல்முறை பார்த்தபோது நானும் சூசன்னாவின் கட்சியிலேயே இருந்ததால், நகைச்சுவை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

தம் நகைச்சுவை, அடிக்குறிப்பும் விளக்கவுரையும் வைத்துக்கொண்டு படித்தால் மிகவும் வேடிக்கையாக இருக்கும் என்று வில் அவ்வப்போது சாதிப்பார். எல்டன் தம்மையே கிண்டல் செய்துகொள்ளும் இடம் அது என்று நான் நினைக்கிறேன்.

கேட் என்ற பெண்ணும் காண்டெல் என்ற ஆணும்

லண்டனில் வில் தங்கியிருக்கும் வீட்டில் கேட் என்றொரு பெண் இருக்கிறாள். ஜெம்மா வீலன் நடித்திருக்கிறார். வில்லைவிட அதிகம் படித்தவள். நடிகையாக வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. வரலாற்றில் இப்படியொருத்தி கிடையாது. ஆனால் அவளுக்கு எதிரே நிற்கும் சுவர் உண்மையானது. இங்கிலாந்தின் தொழில்முறை மேடையில் 1660ஆம் ஆண்டு வரை பெண்கள் ஏறவில்லை. ஜூலியட்டும் டெஸ்டிமோனாவும் கிளியோபாட்ராவும் ஆண்பிள்ளைகளாலேயே நடிக்கப்பட்டனர்.

இந்தப் பகுதியில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. ‘ஸ்திரீபார்ட்’ என்ற சொல்லை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையிலும் பெண் வேடங்களை ஆண்களே ஏற்றனர். ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்ய’னாக அவர் தமிழில் மேடையேற்றியபோதும் நிலைமை அதுவே. ஆங்கிலத்தில் படிக்கத் தயங்குபவர்கள் ‘அமலாதித்யன்’ நாடகத்தைத் தேடிப் படித்துவிட்டுத் தொடருக்கு வரலாம்.

தொடரில் பெண் வேடங்களைக் கட்டுபவர் ஹென்றி காண்டெல். வயது ஏறிக்கொண்டே போனாலும் பதின்மூன்று வயது ஜூலியட் வேடத்தைக் கேட்டுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாத மனிதர். தேங்காய்களை நெஞ்சில் கட்டிக்கொண்டு நிற்பவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உண்மையான காண்டெல் யார் என்பதையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1623இல், அவருடைய 36 நாடகங்களை ஒரே தொகுதியாகத் தொகுத்து அச்சுக்குக் கொடுத்தவர்கள் ஜான் ஹெமிங்ஸும் இந்த காண்டெலும்தான். அவற்றில் 18 நாடகங்கள் அதற்குமுன் அச்சேறியதே இல்லை. ‘மேக்பெத்’ அவற்றில் ஒன்று. நாடகங்களைக் காப்பாற்றிக் கொடுத்தவரைக் கோமாளியாக்கியிருக்கிறார்களே என்று எனக்கு ஆரம்பத்தில் சங்கடமாக இருந்தது. போகப்போகப் பழகிவிட்டது.

கொட்டகையின் இன்னொரு நடிகரான வில் கெம்ப் பேசும் விதம் உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். அது ரிக்கி ஜெர்வைஸ் என்ற இக்கால நகைச்சுவை நடிகரைப் பார்த்துச் செய்யும் நையாண்டி. அவருடைய ‘தி ஆஃபீஸ்’ தொடரில் ஓர் அத்தியாயம் பார்த்திருந்தால் போதும். உண்மையான கெம்பும் லேசுப்பட்டவரல்லர். 1600ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து நாரிச் வரை ஒன்பது நாள் ஆட்டமாக ஆடியே சென்றவர்.

சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள்

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் ஆங்கில சப்டைட்டிலோடு பார்ப்பதே நல்லது. ஸ்ட்ராட்ஃபோர்டு வீட்டில் பெரும்பாலும் பேசுவது பர்மிங்காம் வட்டார வழக்கு. அதற்கு மேல், எல்டன் பதினாறாம் நூற்றாண்டுச் சொற்களைப் போலத் தோன்றும் சொற்களைத் தாமே சமைத்து இறைத்திருக்கிறார். அகராதியில் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம். ‘பஃப்ளிங் பேண்ட்ஸ்’ என்றால் அக்கால ஆண்கள் அணிந்த உப்பலான அரைக்காற்சட்டை. ‘போலிங்புரோக்’ என்பது நான்காம் ஹென்றி மன்னனின் இளமைப் பெயர். தொடரில் அது உடலின் மறைவான ஓர் உறுப்புக்குப் பெயராகிவிட்டது. இப்படிப்பட்ட கொச்சைகள் நிமிடத்துக்கு ஒன்று வரும் என்பதால், குழந்தைகளையும் பெரியவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவதற்கு முன் ஒரு அத்தியாயத்தைத் தனியாகப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

வில் ஊருக்குத் திரும்பும் காட்சிகளைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள். வாசலில் நுழைந்ததும் வந்த வண்டியின் தாமதத்தையும் நெரிசலையும் சக பயணிகளின் அட்டகாசத்தையும் ஒரு பாட்டமாகத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் மனைவி முகத்தையே பார்ப்பார். இன்றைய பிரிட்டன் ரயில் பயணியின் புலம்பலை அப்படியே பதினாறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போய் வந்த எவருக்கும் விளக்கவுரை வேண்டியதில்லை. உண்மையில் லண்டனுக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கும் இடையே ஏறக்குறைய 160 கிலோமீட்டர். அக்காலத்தில் அந்தப் பாதையில் பொது வண்டி ஓடியதில்லை. நடந்தோ வாடகைக் குதிரையிலோதான் போக வேண்டும். நடந்தால் நான்கு நாள் ஆகும்.

கடைசி அத்தியாயத்துக்கு ஓரிரவை ஒதுக்குங்கள்

பல அத்தியாயங்களின் இறுதியில், வில்லும் அவர் மனைவி ஆனும் கணப்பின் முன் உட்கார்ந்து புகைக்குழாய் பிடித்தபடி பேசிக்கொள்வார்கள். லிசா டார்பக் நடித்துள்ள ஆன் எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் வில் செய்த முட்டாள்தனம் என்ன என்பதை அவள்தான் இரண்டே வாக்கியத்தில் சொல்வாள். 18 வயது வில்லை மணந்தபோது ஆனுக்கு வயது 26 என்பதையும், திருமணம் நடந்த ஆறு மாதத்தில் சூசன்னா பிறந்தாள் என்பதையும் வைத்து எத்தனையோ பேர் எத்தனையோ கதை கட்டியிருக்கிறார்கள். தொடர் அந்தத் தம்பதிக்கிடையே அன்பு இருந்தது என்று எடுத்துக்கொள்கிறது. இந்தக் கணப்புக் காட்சிகளைக் கவனித்துவராதவருக்கு மூன்றாம் சீசனின் முடிவு சரியாகப் போய்ச் சேராது.

ஹாம்னெட் என்ற மகனும் ஜூடித் என்ற மகளும் ஷேக்ஸ்பியருக்கு இரட்டையராக 1585இல் பிறந்தனர். ஹாம்னெட் 1596 ஆகஸ்டில், 11 வயதில் இறந்தான். ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயப் பதிவேட்டில் அடக்கம் செய்யப்பட்ட நாள் ஆகஸ்ட் 11 என்று இருக்கிறது. கிரீனைச் சாகவிடாத தொடர், மார்லோவைத் தன் விருப்பம்போல் ஆட்டிவைத்த தொடர், இந்த ஒரு மரணத்தை மாற்றவில்லை. மூன்றாம் சீசனின் ஆறாவது அத்தியாயம் அதைத்தான் சொல்கிறது. இதை முன்பே சொல்லிவிட்டேனே என்று கோபிக்காதீர்கள். தெரிந்துகொண்டு பார்ப்பதால் அந்த அத்தியாயம் எதையும் இழப்பதில்லை. சொல்லப்போனால், அதன் முற்பகுதியில் வரும் ஒவ்வொரு சிரிப்பும் வேறுவிதமாகக் கேட்கும். ஐந்தாவதை முடித்த கையோடு ஆறாவதை ஓடவிடாமல் மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். பார்ப்பதற்கு முன், ‘ஜான் மன்னன்’ நாடகத்தில் கான்ஸ்டன்ஸ் என்ற தாய் பேசும் பகுதியைப் படித்துக்கொள்ளுங்கள். இல்லாமல் போன பிள்ளையின் இடத்தைத் துக்கம் வந்து நிரப்புகிறது, அவன் படுக்கையில் படுத்துக்கொள்கிறது, தன்னோடு கூடவே நடந்துவருகிறது என்று அவள் சொல்லும் வரிகளை ஹாம்னெட்டின் மரணத்தோடு சேர்த்துப் படிப்பவர்கள் பலர்.

அந்த அத்தியாயம் முடிந்த பின்பும் மனம் அதிலேயே நின்றால், எல்டன் திரைக்கதை எழுதி, கென்னத் பிரானா இயக்கி நடித்த ‘ஆல் இஸ் ட்ரூ’ என்ற 2018ஆம் ஆண்டுத் திரைப்படத்தைப் பாருங்கள். 1613இல் குளோப் அரங்கம் எரிந்தபின் ஊர் திரும்பும் முதிய ஷேக்ஸ்பியர் அதே மகனுக்காகத் துக்கம் காக்கும் கதை அது. அதில் சிரிப்பு மிகக் குறைவு.

சிறப்பு நிகழ்ச்சிகளை அவை வெளியான வரிசையிலேயே பாருங்கள்: 2017க்குரியது இரண்டாம் சீசனுக்குப் பின், 2018க்குரியது மூன்றாம் சீசனுக்குப் பின். 2020க்குரியதற்கு மட்டும் ஒரு முன்குறிப்பு தேவை. அந்த ஆண்டு பிப்ரவரியில் இத்தொடரின் மேடை வடிவம், மிட்செலும் வீலனும் நடிக்க, லண்டன் கில்குட் அரங்கில் தொடங்கியது. மார்ச்சில் கொரோனாவால் நகரின் அரங்குகள் அனைத்தும் மூடப்பட்டபோது அதுவும் நின்றுபோனது. கொள்ளைநோய் பரவிய ஆண்டுகளில் ஷேக்ஸ்பியரின் கொட்டகைகள் மூடப்பட்டதும் இப்படித்தான். 1603இல் எலிசபெத் அரசி இறந்து முதலாம் ஜேம்ஸ் அரியணை ஏறிய அதே ஆண்டில் லண்டனைப் பெரும் கொள்ளைநோய் தாக்கியது. 2020 கிறிஸ்துமஸுக்கு எல்டன் அந்த ஆண்டையே எடுத்துக்கொண்டார். பெரிய நடிகர் கூட்டத்தைக் கூட்ட முடியாத நேரத்தில் எடுத்த அந்த நிகழ்ச்சியில் வில்லும் கேட்டும் மட்டும், வெளியே போக முடியாமல், ஒரே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். நின்றுபோன மேடை நாடகம் 2022இல் அப்பல்லோ அரங்கில் மறுபடியும் தொடங்கியது.